கிளினிக் தாளில் உள்ள 6.1: கொழுப்பை இறக்கும் வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் குழப்பம் எண்ணிலேயே தொடங்குகிறது. தமிழ்நாட்டு வீடியோவில் கொலஸ்ட்ரால் 200க்குள் இருக்கணும் என்கிறார்கள். நம் கிளினிக் தாளிலோ 6.1. ஆறுதானே என்று மடித்து வைத்துவிடுகிறார்கள். அங்கே அளவு மில்லிகிராம், இங்கே மில்லிமோல். 39ஆல் பெருக்குங்கள்: 6.1 என்பது ஏறக்குறைய 238. தாளில் உள்ள இன்னொரு இரத்தக் கொழுப்பான ட்ரைகிளிசரைடை மட்டும் 89ஆல் பெருக்க வேண்டும்.

மொத்த எண்ணைவிட முக்கியம் எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ரால். இரத்தக் குழாய்ச் சுவரில் படிவது அதுதான். இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவருக்குப் பொதுவாக 2.6க்குக் கீழ்; மாரடைப்பு வந்தவருக்கு 1.8க்கும் கீழே, பலருக்கு 1.4 வரை இறக்கச் சொல்வார்கள். உங்கள் இலக்கு எது என்று டாக்டரிடம் எண்ணாகவே கேட்டு, அட்டையில் எழுதி வாங்குங்கள்.

அடுத்தது எண்ணெய். செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு, தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு. ஒரு கிலோ பாக்கெட்டைத் திறக்கும் நாளில் பேனாவால் தேதி போடுங்கள். ஆளுக்கு நாளைக்கு 3 தேக்கரண்டி என்றால் நான்கு பேருக்கு 18 நாள் வரவேண்டும். ஒன்பதே நாளில் தீர்ந்தால் இரண்டு மடங்கு உள்ளே போகிறது. மூலையை வெட்டி நேராகச் சட்டியில் ஊற்றுவதுதான் காரணம். போத்தலில் மாற்றி, கரண்டியால் அளந்து விடுங்கள். கெம்போங் மீனைப் பொரிக்காமல் புளிக்குழம்பாக வாரம் இரண்டு முறை வைக்கலாம்.

ட்ரைகிளிசரைடு 1.7க்கு மேலா? கள்ளையும் தே தாரிக் என்ற பால் தேநீரையும் பாருங்கள். அதற்கு ஊற்றும் பால் டின்னில் கிரிமர் என்றிருந்தால் சீனியோடு செம்பனைக் கொழுப்பும் சேர்ந்தே வருகிறது. பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் பழக ஒரு வாரம் கஷ்டம், அவ்வளவுதான்.

கொலஸ்ட்ராலை இறக்கும் மாத்திரைகளில் சிம்வாஸ்டாட்டின் இரவில் போட வேண்டியது, ஏனென்றால் ஈரல் கொலஸ்ட்ராலை அதிகம் செய்வது இரவில். அட்டோர்வாஸ்டாட்டினுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. கிரேப்புரூட் இந்த மருந்துகளின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும்; அதன் இனமான தம்பூன் பம்பளிமாஸை அடிக்கடி சாப்பிடுபவர்கள் மருந்து வாங்கும்போது சொல்லிவிடுங்கள்.

எண் இறங்கியதும் மாத்திரையை நிறுத்துவதுதான் நாம் அடிக்கடி பார்க்கும் தவறு. இறக்கியதே அந்த மாத்திரைதான். விட்டால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே ஏறும். கடும் தசைவலியோடு சிறுநீர் கறுத்துப் போனால் மட்டும் காத்திருக்காதீர்கள், அன்றே மாத்திரைப் பையோடு கிளினிக்குக்குப் போங்கள்.