பின் ஷாக் மாற்றப் போகிறீர்களா? முதலில் அளவுநாடாவை எடுங்கள்

பைக்கின் பின் ஷாக் அப்சார்பரை மாற்றிவிட்டு, "காசு போனதுதான் மிச்சம், குலுக்கல் அப்படியேதான் இருக்கிறது" என்று அலுத்துக்கொள்பவர்களை மார்த்தாண்டம், தக்கலை பக்கத்து வொர்க்‌ஷாப்புகளில் அடிக்கடி பார்க்கலாம். பெரும்பாலும் வாங்கிய பொருளில் குறை இருக்காது. ஓட்டுபவரின் எடைக்கும் ஏற்றும் சுமைக்கும் ஒத்துவராத ஸ்பிரிங்கை வாங்கியிருப்பார்கள். இல்லையென்றால், நல்லதையே வாங்கி, அளந்து பொருத்தாமல் விட்டிருப்பார்கள்.

அதற்கும் முந்தைய தவறு, குற்றவாளி ஷாக்தானா என்று பார்க்காமல் கடைக்குப் போவது. டயரில் காற்று அதிகமாக இருந்தாலே பின்பக்கம் தூக்கிப் போடும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது, செயின் கவரிலோ கையேட்டிலோ உள்ள அளவுப்படி காற்றைச் சரிசெய்து இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தை இடம் வலமாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், பின்சக்கரத்தை ஃபிரேமோடு இணைக்கும் ஸ்விங் ஆர்மின் புஷ்ஷோ சக்கர பேரிங்கோ தேய்ந்திருக்கலாம். பிறகு சீட்டை அழுத்தி விடுங்கள். மேலே வந்து உடனே அடங்கினால் ஷாக்கில் உயிர் இருக்கிறது. இரண்டு மூன்று முறை துள்ளினாலோ, ஷாக்குக்குள் போய்வரும் கம்பியில் ஆயில் கசிந்து தூசி படிந்திருந்தாலோ அதன் காலம் முடிந்தது என்று கொள்ளலாம்.

ஷாக்கில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் கண்டபடி துள்ளாமல் அடக்குவது உள்ளே நுண்துளைகள் வழியாக ஓடும் ஆயில். விலை உயர உயர இந்த அடக்கும் வேலைதான் நேர்த்தியாகிறது. ஸ்பிரிங் உங்கள் எடைக்குத் தவறாக அமைந்துவிட்டால், ஸ்வீடனின் ஓலின்ஸ் நிறுவன ஷாக் ஆனாலும் தாய்லாந்தின் ஒய்எஸ்எஸ் ஆனாலும் காப்பாற்ற முடியாது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது இன்னும் முக்கியம். நாகர்கோவிலில் தனியாக அலுவலகம் போகிறவரின் வண்டியும், அருமனையில் ரப்பர் ஷீட்டும் வாழைக்குலையும் கட்டிப் போகிறவரின் வண்டியும், குளச்சலில் மீன் பெட்டி ஏற்றுகிறவரின் வண்டியும் ஒரே மாடலாக இருக்கலாம். மூவருக்கும் ஒரே ஸ்பிரிங் பொருந்தாது.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஷாக்கின் அடியிலோ மேலேயோ உள்ள வளையத்தைத் திருகினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஸ்பிளெண்டரில் அதற்கு 5 படிகள், இப்போதைய கிளாசிக் 350-ல் 6 படிகள். அந்த வளையம் ஸ்பிரிங்கின் வலுவைக் கூட்டுவதில்லை. வண்டி எந்த உயரத்தில் நிற்கும் என்பதை மட்டுமே மாற்றுகிறது. கடைசிப் படியில் வைத்துத் தனியாக ஓட்டினால் பின்பக்கம் ஏறக்குறைய முழு உயரத்திலேயே நின்றுவிடும். பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொடுவதற்கு இடமிருக்காது. பேச்சிப்பாறைப் பக்கத்து உடைந்த தாரில் வளைவு எடுக்கும்போது பின்டயர் தரையை விட்டுத் தாவுவது இப்படித்தான்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க ஓர் அளவுநாடாவும் கூட ஓர் ஆளும் போதும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைத் தொங்க விடுங்கள். பின்சக்கர அச்சின் நடுவுக்கு நேர் மேலே, சீட்டுக்குக் கீழே ஒரு துண்டு டேப் ஒட்டி, அச்சிலிருந்து அதுவரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வண்டியை இறக்கி, ஹெல்மெட்டும் பையும் உட்பட வழக்கமாகப் போகும் கோலத்தில் ஏறி உட்காருங்கள். உடனிருப்பவர் வண்டியை நேராகப் பிடித்துக்கொண்டு, அதே இரண்டு புள்ளிகளையும் மறுபடி அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே உங்கள் இறக்கம். பின்சக்கரத்தின் மொத்த அசைவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கினால் நல்லது. ராயல் என்ஃபீல்டின் பழைய ஹிமாலயன் 411-ல் மொத்த அசைவு 180 மி.மீ.; அப்படியானால் இறக்கம் 45 முதல் 60 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். வளையத்தை முழுக்கத் திருகியும் அதற்கு மேல் இறங்குகிறது என்றால் உங்களுக்கு வலுவான ஸ்பிரிங் தேவை. முழுக்கத் தளர்த்தியும் இறங்கவில்லை என்றால் மெல்லியது தேவை. பலருக்கு இந்த அளவெடுப்பிலேயே காரியம் முடிந்துவிடும். புது ஷாக்கே வேண்டியிருக்காது.

பார்வைக்காக நீளமான ஷாக் போடுவதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். கண்ணுக்குக் கண் நீளத்தில், அதாவது இரு முனை போல்டுத் துளைகளுக்கு நடுவே, 10 மி.மீ. கூடினாலும், ஷாக்குக்கும் ஸ்விங் ஆர்முக்கும் இடையே லிங்க் எனும் இணைப்பு வைத்த மோனோ ஷாக் (ஒற்றை ஷாக்) வண்டிகளில் பின்பக்கம் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் உயரலாம். பின்பக்கம் உயர்ந்தால் முன்ஃபோர்க் நெட்டுக்குத்தாகி, ஹேண்டில் லேசாகிவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே, தென்மேற்குப் பருவக்காற்று பக்கவாட்டில் அறையும்போது அந்த லேசான ஹேண்டில் எவ்வளவு ஆபத்து என்பது புரியும். சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகமாகச் சாயும், சென்டர் ஸ்டாண்டு சக்கரத்தைத் தூக்காது, செயின் தொய்வும் மாறும். சட்டமும் இருக்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. விதியை மீறிய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் விதிக்க 182-ஏ பிரிவு இடம் தருகிறது. களியக்காவிளையைத் தாண்டிப் போய்வருகிறவர்களுக்குக் கேரளத்தில் இந்தச் சோதனை எவ்வளவு கண்டிப்பானது என்று தெரியும்.

டீலரிடம் கொடுப்பவர்கள் "நல்லதாக ஒன்று போடுங்கள்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். உங்கள் எடை, பின்னால் அமர்பவரின் எடை, வாரத்தில் எத்தனை நாள் சுமை என்பதைச் சொல்லி, எந்த வலு ஸ்பிரிங் வருகிறது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம். ஷாக் மாற்றினாலும் வண்டியின் வாரன்டி நிலைக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பழைய ஷாக்கைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். வண்டியை விற்கும்போது உதவும். ஆயில் மாற்றி நைட்ரஜன் நிரப்பும் சர்வீஸ் எங்கே கிடைக்கும் என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள். நைட்ரஜன் இருப்பது, தொடர்ந்து குலுங்கிச் சூடாகும் ஆயில் நுரைத்துப்போகாமல் இருக்க. சில மலிவு ஷாக்குகளின் பக்கத்தில் நைட்ரஜன் குப்பிபோல ஒட்டியிருப்பது வெறும் அலங்காரம்.

நீங்களே மாற்றுவதானால், இரட்டை ஷாக் வண்டியில் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கத்தைத் தொடுங்கள். மற்றது ஸ்விங் ஆர்மைத் தாங்கிக்கொள்ளும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒன்று மட்டும் கூடாது. மோனோ ஷாக்கில் போல்டைக் கழற்றும் முன் வண்டியின் எடை ஃபிரேமில் நிற்க வேண்டும், ஸ்விங் ஆர்மில் அல்ல. முட்டம், தேங்காப்பட்டணம் பக்கத்து வண்டிகளில் மேல் போல்டு உப்புத் துருவால் ஷாக்கின் கண்ணில் உள்ள உள்குழாயோடு ஒட்டிப் பிடித்திருக்கும். நட்டைக் கழற்றினாலும் ஷாக் அசையாது. விளிம்பில் செம்பழுப்புத் தூள் உதிரும். அங்கே சுத்தியலை எடுக்காதீர்கள். பல வண்டிகளில் அந்த மேல் தண்டு ஃபிரேமோடு வெல்டு செய்யப்பட்டது; மரை நசுங்கினால் செலவு ஷாக்கின் விலையைத் தாண்டும். துரு இளக்கும் ஆயிலை அடித்து ஓர் இரவு விட்டு, மறுநாள் ஷாக்கையே முன்னும் பின்னும் மெல்லத் திருப்பி இளக்குங்கள். ஸ்பிரிங்கைத் தனியே கழற்றவோ வாயு நிரப்பிய குழாயைத் திறக்கவோ வீட்டில் முயல வேண்டாம். உள்ளே அடங்கியிருக்கும் விசை விரலையும் கண்ணையும் பறித்துவிடும். நட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள்.

பொருத்தியதும், துள்ளலை அடக்கும் அளவை மாற்ற ஷாக்கில் உள்ள எல்லாத் திருகுகளையும் ஒன்றாகத் திருப்பிப் பார்க்கும் ஆசை வரும். தயாரிப்பாளர் சொன்ன நிலையில் வைத்து, பழக்கமான ஒரே சாலையில் ஓட்டி, ஒரு நேரத்தில் ஒரு திருகை மட்டும் ஓரிரு சொடுக்கு மாற்றுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளையும் இறக்கத்தையும் மறுபடி பார்த்துவிடுங்கள். கடலோரத்தில் ஓட்டுகிறவர்கள் ஷாக் கம்பியை நல்ல தண்ணீரில் கழுவித் துடைப்பது அவசியம். உப்பு அரித்துக் கம்பியில் சிறு குழி விழுந்தால், ஒவ்வொரு அசைவிலும் அது ஆயில் கசியாமல் தடுக்கும் சீலைக் கிழிக்கும்.