இறுதி விவாகரத்து ஆணைக்கு விண்ணப்பிக்கும் முன்

இங்கிலாந்து, வேல்ஸில் ‘கண்டிஷனல் ஆர்டர்’ (விவாகரத்துக்குத் தடையில்லை என்று நீதிமன்றம் தரும் இடைக்கால ஆணை) வந்ததுமே விவாகரத்து ஆகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சட்டப்படி நீங்கள் இன்னும் கணவன் மனைவிதான். அந்த ஆணை கிடைத்து 43 நாள் ஆன பிறகு ‘ஃபைனல் ஆர்டர்’ (இறுதி ஆணை) கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், தானாக வராது. இதற்குத் தனிக் கட்டணமும் கிடையாது.

சரி, 43 நாள் ஆனதும் உடனே போட்டுவிடலாமா? வீடு, சேமிப்பு, பென்ஷன் பற்றிய ஒப்பந்தத்துக்கு நீதிமன்ற ஒப்புதல் வாங்காமல் அவசரப்படாதீர்கள் என்பேன். முக்கியமாக பென்ஷன். இறுதி ஆணை வந்த பிறகு துணைவர் இறந்தால், அவருடைய பென்ஷனில் வாழ்க்கைத்துணைக்கு உரிய தொகை உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். வழக்கறிஞரிடம் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

அதற்காக ரொம்பவும் தள்ளிப்போடாதீர்கள். கண்டிஷனல் ஆர்டர் வந்து 12 மாதம் கடந்துவிட்டால் தாமதத்துக்கான காரணத்தை நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.