பழைய பூசை உடைகளைக் கொழும்பு ஈரத்திலிருந்து காப்பது எப்படி

அங்கிலிக்கன் ஆலயங்களில் பரம்பரையாக வந்த கோப் (தோள்மேல் போர்த்தும் நீண்ட அங்கி), சசுபிள் (நற்கருணை ஆராதனையில் குருவானவர் அணியும் மேலங்கி), ஸ்டோல் (கழுத்தில் தொங்கவிடும் நீண்ட பட்டி), பீட முன்திரை ஆகியவை உடுத்திக் கெடுவதைவிட வெஸ்ட்ரி (குருவானவர் உடை மாற்றும் அறை) அலுமாரிக்குள் கெடுவதே அதிகம். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சணம் பிடிக்கும். கொழும்பில் அதற்குக் கீழே இறங்கும் நாட்கள் குறைவு. போதாததற்கு, பெந்தெகொஸ்தே திருநாள் முடிந்து வெள்ளை, சிவப்பு நிற உடைகள் அலுமாரிக்குள் போகும் காலம்தான் தென்மேற்குப் பருவமழைக் காலமும்.

ஆகவே ஆராதனை முடிந்ததும் உடையை உடனே அலுமாரியில் வைக்க வேண்டாம். உட்புறத்தை வெளியே திருப்பி, பஞ்சு சுற்றிய தடித்த ஹேங்கரில் மாட்டி, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் விடுங்கள். வியர்வையின் உப்பு பட்டுத்துணியை அரிக்கும். வெயிலில் போட்டால் சாயம் வெளுக்கும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிப் பட்டென்றால் கூடுதல் கவனம் தேவை. எடை கூட்டுவதற்காக அக்காலத்தில் பட்டில் வெள்ளீய உப்பு ஏற்றினார்கள். அத்தகைய பட்டு மடிப்பு விழுந்த இடத்தில் நீளமாக வெடிக்கும். மெஷினில் தைத்தால் ஊசித்துளை வழியே மேலும் கிழியும். மெல்லிய வலைத்துணியை மேலே போர்த்தி, உறுதியான பகுதியில் கையால் தைத்துப் பிடிப்பதே வழி.

பொன்னிழை என்பது பெரும்பாலும் பட்டு நூலின்மேல் சுற்றிய, பொன்முலாம் பூசிய வெள்ளித் தகடு. எலுமிச்சம்பழம், புளி, பிராசோ போன்ற உலோகப் பொலிஷ் எதுவும் அதில் படக்கூடாது. முலாம் போவதோடு, உள்ளே இறங்கிய திரவம் நூலையும் அரிக்கும். கறுத்த இழை கறுத்ததாகவே இருக்கட்டும். அதிலும் ஒரு களை உண்டு.

சசுபிளை அகன்ற லாச்சியில், கொதிநீரில் அலசிக் கஞ்சி போக்கிய வெளுக்காத பருத்தித் துணிமேல் விரித்து வையுங்கள். இடமில்லாமல் மடிக்க வேண்டி வந்தால், மடிப்புக்குள் 5 செ.மீ. தடிப்பில் பருத்தித் துணிச் சுருளை வைத்து, 6 மாதத்துக்கு ஒருமுறை மடிப்பின் இடத்தை மாற்றுங்கள். கோப் அங்கியை விரித்து வைக்க முடியாவிட்டால் 10–15 செ.மீ. விட்டமுள்ள, துணி சுற்றிய குழாயில் பூவேலை வெளிப்புறம் வரும்படி சுருட்டலாம். உட்புறம் வந்தால் பூவேலைதான் நசுங்கும். பொலித்தீன் உறை வேண்டாம், உள்ளே ஈரம் தங்கிவிடும். பூச்சி உருண்டையும் துணியைத் தொடக்கூடாது.

பூச்சி கண்டால், நன்கு காய்ந்த உடையைத் துணியில் பொதிந்து, இரண்டு பொலித்தீன் பைகளில் காற்றை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 பாகை செல்சியஸ் ஃபிரீஸரில் 2 வாரம் வையுங்கள் (மீன் வைக்கும் ஃபிரீஸர் வேண்டாம்). வெளியே எடுத்து 24 மணி நேரம் கழித்துத்தான் பையைத் திறக்க வேண்டும். முன்னரே திறந்தால் துணியில் நீர் கோக்கும்.

பூஞ்சணத்தை ஈரத்தோடு துடைத்தால் இன்னும் உள்ளே இறங்கும். நிழலில் முற்றாக உலர்த்தி, முகக்கவசம் அணிந்து, மென்தூரிகையால் வெளியில் தட்டுங்கள்.

லினன் துணிகளுக்கு இவ்வளவு பயம் வேண்டாம். திராட்சரசக் கறையை உடனே குளிர்நீரில் ஊறவையுங்கள். நற்கருணைத் துணிகளை அலசிய முதல் நீரை மண்ணில் ஊற்றுவதே வழக்கம். சேமித்து வைக்கும் லினனுக்குக் கஞ்சி போடாதீர்கள், இராமபாணப் பூச்சிக்கு அதுதான் சாப்பாடு. பீட விரிப்பை மடிக்காமல் சுருட்டுங்கள். மெழுகு சிந்தினால் ஐஸ் வைத்து இறுக விட்டுப் பெயர்த்தெடுத்து, மிச்சத்தை ஒற்றுத்தாளுக்கு இடையில் இளஞ்சூட்டு இஸ்திரியால் எடுக்கலாம். முன்திரைப் பட்டில் இதைச் செய்யவே கூடாது.

பித்தளை மெழுகுதிரித் தண்டுகளைப் பீடத்தில் வைத்தபடி மினுக்காதீர்கள். பொலிஷ் தெறித்த வெள்ளைத் தடம் பட்டிலிருந்து போகாது. லில்லிப் பூவின் மகரந்தக் காம்புகளைப் பூச்சாடியில் வைக்குமுன் கிள்ளிவிடுங்கள். விழுந்துவிட்டால் தண்ணீர் தொடாமல் ஒட்டுநாடாவால் ஒற்றி எடுங்கள்.