பழைய பாம், ஐபேக்கில் கார்டும் பேட்டரியும் மக்கர் செய்தால்

நண்பர் ஒருவர் தன் பாம் டங்ஸ்டன் இ என்ற பழைய கையடக்கக் கணினியை எடுத்துவந்து, "ஸ்லாட் போச்சு. எந்தக் கார்டைப் போட்டாலும் எடுக்க மாட்டேங்குது" என்றார். அவர் போட்டுப் பார்த்த கார்டுகள் மூன்று: 8 ஜிபி, 16 ஜிபி, 32 ஜிபி. என் மேசை இழுப்பறையில் பழைய டிஜிட்டல் கேமராவின் 256 எம்பி கார்டு ஒன்று கிடந்தது. அதைச் செருகியதும் திரையில் கார்டின் பெயர் வந்துவிட்டது. 2003இல் விற்பனைக்கு வந்த கருவிக்கு, 2006இல் பிறந்த எஸ்டிஎச்சி (2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டு வகை) கார்டைப் பற்றி எப்படித் தெரியும்?

பழைய கையடக்கக் கணினிகளை வாங்கி ஆசையோடு நோண்டத் தொடங்குபவர்கள் தடுமாறும் இடங்கள் இரண்டு: கார்டு, பேட்டரி. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். காரணம், கார்டுக் கோளாறு என்று என்னிடம் வந்தவற்றில் பாதி, கடைசியில் பேட்டரிக் கோளாறாகவே முடிந்திருக்கிறது.

கார்டில் எழுதும்போது அது 100 மில்லிஆம்பியர் வரைகூட இழுக்கும். வயதான பேட்டரியின் உள்தடை கூடியிருக்கும். சும்மா இருக்கும்போது மீட்டரில் 60 சதவீதம் காட்டிய அதே பேட்டரி, சுமை ஏறியதும் மின்னழுத்தத்தைப் பொத்தென்று கீழே விட்டுவிடும். கருவி தானாக ரீசெட் ஆகும், அல்லது கார்டில் எழுத முடியவில்லை என்று புலம்பும். நாமோ கார்டை மாற்றிக்கொண்டே இருப்போம். அதனால் முதலில் பேட்டரி, அப்புறம்தான் கார்டு.

படி 1: உங்கள் கருவி எந்த ரகம்?

பேட்டரியை வைத்துப் பார்த்தால் மூன்று ரகம். பைலட், பாம் III, எம்100, ஹேண்ட்ஸ்ப்ரிங் வைசரின் முதல் மாடல் போன்றவை இரண்டு டிரிபிள் ஏ செல்லில் ஓடும். சயான் சீரிஸ் 5க்கு இரண்டு டபுள் ஏ. 1999இல் வந்த பாம் V, அதற்குப் பின் வந்த எம்500 வரிசை, டங்ஸ்டன் வரிசை எல்லாம் உள்ளேயே பொதிந்த லித்தியம் அயான் பேட்டரி. விண்டோஸில் ஓடும் எச்பியின் ஐபேக் எச்எக்ஸ்4700 போன்றவற்றில் பின்மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்றலாம்.

இதைவிட முக்கியமான கேள்வி இன்னொன்று: உங்கள் தகவல்கள் எதில் இருக்கின்றன? 2004க்கு முந்தைய பாம் கருவிகளில் முகவரி, குறிப்பு, நீங்கள் ஏற்றிய செயலிகள் எல்லாமே ரேமில்தான். கருவியை அணைத்தாலும் ரேமுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பேட்டரி செத்தால் எல்லாம் போச்சு. 2004இல் வந்த டிரியோ 650, டங்ஸ்டன் டி5 ஆகியவற்றிலிருந்துதான் பாம், மின்சாரம் நின்றாலும் தகவலை இழக்காத பிளாஷ் நினைவகத்துக்கு மாறியது. மைக்ரோசாஃப்ட் பக்கம் 2005இன் விண்டோஸ் மொபைல் 5 அதைச் செய்தது. உங்களுடையது அதற்கு முந்தையது என்றால், பேட்டரிதான் உங்கள் ஹார்ட் டிஸ்க் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: கை வைக்கும் முன் பேக்கப்

கருவி இன்னும் உயிரோடு இருந்தால், முதல் வேலை சார்ஜில் போடுவது. இரண்டாவது வேலை பேக்கப். பாம் என்றால் ஹாட்சிங்க், அதாவது கருவியின் தகவலைக் கணினியோடு ஒத்திசைக்கும் பாமின் மென்பொருள். ஆனால் 64 பிட் விண்டோஸில் பாமின் யுஎஸ்பி டிரைவர் வேலை செய்யாது. பழைய 32 பிட் எக்ஸ்பி கணினி ஏதாவது தூசி படிந்து கிடந்தால் அதைத் தட்டி எழுப்புங்கள். லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு அதே வேலையைச் செய்யும் ஜே-பைலட் இருக்கிறது. ஐபேக்கில் 'ஐபேக் பேக்கப்' என்ற செயலி உள்ளேயே வரும், நேராகக் கார்டிலேயே சேமித்துவிடும். கார்டு சரியாக வேலை செய்யாதபோது அதிலேயே பேக்கப் எடுத்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கார்டு ரீடரில் போட்டு, கோப்புகளைக் கணினிக்கும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: டிரிபிள் ஏ, டபுள் ஏ செல் போடும் கருவிகள்

செல் மாற்றும்போது தகவல் அழியாமலிருக்க, பாம் III போன்றவற்றின் உள்ளே ஒரு கெபாசிட்டர் இருக்கிறது. கையேடு தரும் அவகாசம் ஒரு நிமிடம். நான் ஒருமுறை இரண்டு செல்லையும் ஒன்றாகக் கழற்றி மேசையில் வைத்தேன், அதே நேரம் கைபேசி அடித்தது. பேசி முடித்துத் திரும்பியபோது கருவி என்னை யாரென்றே தெரியாததுபோல், பேனாவால் திரையின் மூலைகளைத் தொடச் சொல்லிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டேன். முதலில் கருவியை அணைக்க வேண்டும். புதுச் செல் இரண்டையும் பக்கத்தில் தயாராக வைக்க வேண்டும். ஒரு பழைய செல்லை எடுத்து, அந்த இடத்தில் புதியதைப் போட்டுவிட்டு, அப்புறம்தான் அடுத்ததைத் தொட வேண்டும்.

சயானில் முதன்மைச் செல்லோடு சிஆர்2032 பட்டன் செல்லும் காவலுக்கு இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். மல்டிமீட்டரில் அந்தப் பட்டன் செல் 2.8 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுவது நல்லது.

செல் பெட்டியைத் திறந்ததும் வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ பூத்திருந்தால், ஆல்கலைன் செல் கசிந்திருக்கிறது. அது காரம். பஞ்சுக் குச்சியில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஒரு சொட்டு தொட்டு, ஸ்பிரிங்கில் தடவுங்கள். லேசாக நுரைத்து அடங்கும். சாறு வழிந்து உள்ளே சர்க்யூட் பலகைக்குப் போகக் கூடாது, அதனால் கருவியைச் சாய்த்துப் பிடியுங்கள். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட இன்னொரு குச்சியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்வது நல்லது, அந்தப் பொடி தோலை அரிக்கும்.

ரீசார்ஜ் செல் போடலாமா? தாராளமாக. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் 1.2 வோல்ட், ஆல்கலைன் 1.5 வோல்ட். அதனால் முழுதாகச் சார்ஜ் ஆன செல்லைப் போட்டாலும் மீட்டர் குறைவாகவே காட்டும், கடைசியில் திடீரென்று விழும். எச்சரிக்கை வந்த அன்றே மாற்றிவிடுங்கள். ஒன்று ஆல்கலைன், ஒன்று ரீசார்ஜ் என்று கலந்து மட்டும் போடாதீர்கள்.

படி 4: உள்ளே பொதிந்த லித்தியம் பேட்டரி

சார்ஜ் ஏறவே இல்லை என்றால், பேட்டரியைக் குறை சொல்லும் முன், கருவியை நிறுத்திச் சார்ஜ் செய்யும் தொட்டிலையும் கருவியின் அடிப்பக்க முனைகளையும் ஆல்கஹாலில் துடையுங்கள். இருபது வருட அழுக்கு இருக்கும். சார்ஜர் கருவியோடு வந்ததுதானா என்றும் பாருங்கள். வேறு சார்ஜர் என்றால் லேபிளில் உள்ள வோல்ட் அப்படியே ஒத்துப்போக வேண்டும், முனையின் பிளஸ் மைனஸ் மாறக் கூடாது. ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம்.

பல ஆண்டு சும்மா கிடந்த பேட்டரி அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். அதன் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்திருக்கும். சில மணி நேரம் சார்ஜில் விட்டால் சில சமயம் எழுந்துவிடும். நீங்கள் கண்ணுக்கெதிரே இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள், இரவில் விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். கருவி சூடேறினாலோ, திரை மேலெழும்பினாலோ, பின்மூடி புடைத்தாலோ உடனே பிடுங்கிவிடுங்கள். உப்பிய பேட்டரியைக் குத்துவது, அமுக்குவது, மறுபடி சார்ஜ் செய்து பார்ப்பது எதுவும் வேண்டாம். குப்பைத் தொட்டியில் போடாமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் வேலை எளிது. கழற்றக்கூடிய பேட்டரியின் முனைகளில் அளந்து பாருங்கள். முழுதாகச் சார்ஜ் ஆனது 4.2 வோல்ட்டை ஒட்டி இருக்கும். சார்ஜில் போட்டு எடுத்த பிறகும் 2.5க்குக் கீழேயே நின்றால் அதற்குக் கும்பிடு போட்டுவிடலாம்.

மாற்றுப் பேட்டரி வாங்கும்போது ஒரு சங்கதி. 'பழைய சரக்கு, பிரிக்கப்படாதது' என்று விற்பதைப் பார்த்து மயங்காதீர்கள். லித்தியம் பேட்டரி உறைக்குள் இருந்தாலும் கிழடாகும். அண்மையில் தயாரித்ததா என்று கேட்டு வாங்குங்கள். பாம் V போன்றவற்றின் உறை பசையால் ஒட்டியது, சூடுகாட்டித்தான் பிரிக்க முடியும். முதன்முதலாகக் கை வைப்பவர் அதில் தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

படி 5: இப்போது கார்டு

சார்ஜ் நிறைந்த நிலையில் கார்டைச் செருகிப் பாருங்கள். இன்னும் தெரியவில்லையா? கார்டின் முகத்தைப் படியுங்கள். வெறும் எஸ்டி என்று மட்டும் இருந்து, 2 ஜிபி அல்லது குறைவு என்றால் நம்பிக்கை உண்டு. எஸ்டிஎச்சி, எஸ்டிஎக்ஸ்சி என்றிருந்தால் பழைய கருவிகள் அதைக் கண்டுகொள்ளாது. என்ன ஃபார்மேட் செய்தாலும் மாறாது, கார்டோடு பேசும் முறையே வேறு. மிகப் பழைய கருவிகளுக்கு 1 ஜிபிக்குக் கீழே போவது பாதுகாப்பு. பழைய கேமரா வைத்திருக்கும் உறவினர்களிடம் கேளுங்கள், அலமாரியில் இருக்கும்.

சோனியின் கையடக்கக் கணினியான கிளியேவுக்கு எஸ்டி கார்டு இல்லை, சோனியின் சொந்தக் கார்டான மெமரி ஸ்டிக். அதன் முதல் வடிவம் 128 எம்பியோடு நின்றுவிட்டது. மெமரி ஸ்டிக் ப்ரோ உள்ளே போகும், ஆனால் பழைய கிளியே அதைப் படிக்காது.

அளவு சரி, இருந்தும் தெரியவில்லை என்றால் கார்டின் தங்க நிற முனைகளை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், ஏதாவது ஊசி வளைந்திருக்கிறதா என்று. மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் போட்டிருந்தால் அடாப்டரை மாற்றிப் பாருங்கள், மலிவான அடாப்டர்கள் என் நேரத்தை நிறையத் தின்றிருக்கின்றன.

படிக்கிறது, எழுத மறுக்கிறது என்றால் கார்டின் ஓரத்தில் இருக்கும் பூட்டுப் பட்டையைப் பாருங்கள். கீழே இறங்கியிருந்தால் மேலே தள்ளுங்கள். உடைந்து விழுந்திருந்தால் அந்தப் பள்ளத்தின் மேல் சின்னத் துண்டு செல்லோடேப் ஒட்டினால் போதும்.

அடுத்து ஃபார்மேட். கார்டில் இருப்பதை முதலில் கணினிக்கு நகலெடுங்கள். விண்டோஸில் கார்டின் மேல் வலது சொடுக்கு, ஃபார்மேட். கோப்பு முறைப் பட்டியலில் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டையும் விட்டுவிட்டு, வெறும் 'ஃபேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதுதான் ஃபேட்16, இந்தத் தலைமுறைக் கருவிகள் தடையில்லாமல் படிப்பது. 2 ஜிபி கார்டுக்கு அலகு அளவு 32 கிலோபைட். வேக ஃபார்மேட் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டால், பழுதான பகுதிகளையும் சோதித்துக் குறித்துவைக்கும். நேரம் ஆகும், பொறுங்கள். பாமில் கார்டிலிருந்தே செயலிகளை ஓட்ட வேண்டுமானால், அவை 'பாம்' கோப்புறைக்குள் 'லாஞ்சர்' கோப்புறையில் இருக்க வேண்டும். வேறெங்கு போட்டாலும் பட்டியலில் தெரியாது.

சந்தேகத்துக்குரிய கார்டு என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக் கார்டையும் எழுதிப் படித்துப் பாருங்கள். லேபிளில் 2 ஜிபி என்று போட்டு உள்ளே கால்வாசிகூட இல்லாத போலிகள் அதில் அகப்பட்டுவிடும்.

படி 6: கடைசியாக ரீசெட்

பாமின் முதுகில் ஒரு சின்னத் துளை இருக்கும். ஜெம் கிளிப்பை நிமிர்த்தி அதில் மெல்ல அழுத்தினால் சாஃப்ட் ரீசெட், தகவல் அழியாது. திரும்பத் திரும்ப ரீசெட் ஆகிக்கொண்டே இருந்தால், மேல் அம்புக்குறிப் பொத்தானைப் பிடித்துக்கொண்டே துளையை அழுத்துங்கள். நீங்கள் ஏற்றிய செயலிகள் தொடக்கத்தில் ஓடாமல் கருவி எழும், குற்றவாளியை நீக்கிவிடலாம்.

ஹார்ட் ரீசெட் என்பது பவர் பொத்தானைப் பிடித்தபடி துளையை அழுத்துவது. சின்னம் தெரிந்ததும் பவரை விட்டால், எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று கேட்கும். மேல் பொத்தானை அழுத்தினால் அழித்துவிடும். கார்டில் இருப்பது போகாது, ரேமில் இருப்பது போய்விடும். பேக்கப் எடுக்காமல் இதைத் தொடாதீர்கள்.

எழுந்ததும் தேதி கேட்கும். ஆண்டைத் தேர்ந்தெடுக்கும்போது பாமில் 2031ஐத் தாண்ட முடியாது. கருவி கெட்டுவிட்டதென்று நினைத்து மறுபடி கழற்ற வேண்டாம். 1904இல் தொடங்கி ஆண்டை எண்ண அதற்கு ஏழு பிட்தான் (127 வரை எண்ணலாம்) ஒதுக்கியிருக்கிறார்கள், அங்கேயே கணக்கு முடிந்துவிடுகிறது.