பனிக்காலத் தோட்டத்தில் வலசைப் பறவைகளைப் பார்ப்பது எப்படி?

பறவை பார்க்கலாம் என்றதும் பலரும் முதலில் ஒரு தட்டில் கம்போ அரிசியோ போட்டு வைப்பார்கள். அதற்குப் புறாவும் காகமும் வரும். அவை வருடம் முழுக்க இருப்பவைதான். செப்டம்பர் கடைசி முதல் மார்ச், ஏப்ரல் வரை நம் ஊர்த் தோட்டங்களில் தங்கும் வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை பூச்சி தின்பவை. தானியத்தைத் திரும்பியும் பார்க்காது. சருகும் தண்ணீரும் அடர்ந்த வேலியும் இருந்தால் தானாக வரும்.

மா, பலா, புளி நிழலில் பத்துக்குப் பத்து அடி இடத்தையாவது கூட்டாமல் விடுங்கள். சருகு மூன்று நான்கு அங்குலம் சேரட்டும். மழை இல்லாத வாரங்களில் ஒரு குடம் தண்ணீர் தெளித்தால் அடியில் ஈரம் நின்று புழு பூச்சி தங்கும். கூட்டிக் குவித்துத் தீ வைக்கும் தோட்டத்தில் ஆறுமணிக்குருவிக்கு வேலையில்லை. அது தத்தித் தத்தி வந்து, அலகால் ஒரு இலையைப் புரட்டி எறிந்து, குட்டை வாலை மெல்ல மேலும் கீழும் ஆட்டியபடி நிற்கும். முதுகு பச்சை, வாலடி சிவப்பு. விடியலிலும் பொழுது சாயும்போதும் கேட்கும் இரட்டை விசில்தான் அது வந்துவிட்டதற்கு அடையாளம். அதே நிழலில் கொடிக்கால் வாலாட்டியும் நடக்கும்: மார்பில் இரண்டு கறுப்புப் பட்டை, மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்ட, இது பக்கவாட்டில் ஆட்டும்.

சருகுக்குள் கண்ணாடி விரியன் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. டார்ச், மூடிய செருப்பு இல்லாமல் இருட்டில் கால் வைக்காதீர்கள்.

தண்ணீருக்கு ஒன்றரை அடி அகல மண் தட்டு போதும். ஆழம் இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் சின்னப் பறவைகள் இறங்காது. ஆழமான தட்டென்றால் நடுவில் தட்டைக்கல் வையுங்கள். மேலே மூன்றடி உயரத்தில், அடியில் ஊசித்துளை போட்ட பாட்டிலைத் தொங்கவிடுங்கள். சொட்டும் தண்ணீர் தேங்கிய தண்ணீரைவிட வேகமாகப் பறவையை இழுக்கும். புதரிலிருந்து ஆறேழு அடி தள்ளி வைக்க வேண்டும்; ஒட்டினாற்போல் வைத்தால் பூனைக்கு வசதி. இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, தட்டின் ஓரத்தை நாரால் தேயுங்கள். ஏடிஸ் கொசுவின் முட்டை ஓரத்தில்தான் ஒட்டியிருக்கும். மாலை மங்கும் நேரத்தில் அரசவால் ஈப்பிடிப்பான் கிளையிலிருந்து பாய்ந்து, நனைந்து, மறுபடி கிளைக்கே திரும்பும். இதற்காகவே தட்டு வைக்கலாம்.

கிளுவை, கொடுக்காப்புளி வேலியைப் பங்குனிக்குப் பிறகு வெட்டுங்கள். அதற்குள்ளிருந்து ‘டக், டக்’ என்று கேட்டால் கதிர்க்குருவி. வெளியே வரும் என்று காத்திருந்து பயனில்லை. வேலியின் உச்சிக்கிளையில் தனியாக உட்கார்ந்திருப்பது பழுப்புக் கீச்சான்.

காலை ஆறு முதல் எட்டு, மாலை நாலரை முதல் ஆறு நல்ல நேரம். வெயில் முதுகுப்பக்கம் இருக்க, தட்டிலிருந்து இருபத்தைந்து அடி தள்ளி முக்காலி போட்டு உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றும் வராது, எழுந்துவிடாதீர்கள். பைனாகுலர் 8x42 (8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) வாங்குங்கள்: மரநிழலுக்கு வெளிச்சம் போதும், 10 மடங்கு பைனாகுலரில் தெரிகிற அளவுக்குக் கைநடுக்கமும் தெரியாது. செல்போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது வேண்டாம். வேறொரு பறவை வந்துவிட்டது என்று நினைத்து, இரை தேட வேண்டிய நேரத்தில் அந்த எதிரியைத் தேடி அலையும்.

வலசை வந்த களைப்பில் ஆறுமணிக்குருவி கண்ணாடி ஜன்னலில் மோதி விழுவது உண்டு. துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து அதில் விட்டு, மூடி, இருட்டான இடத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். தெளிந்ததும் சருகோரம் திறந்துவிடுங்கள். தெளியாவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பார்த்ததை இ-பேர்ட் செயலியில் பதிவு செய்யலாம். ஜனவரியில் பொங்கலை ஒட்டி நான்கு நாள் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்குக் குறைந்தது 15 நிமிடம் பார்த்து, இனத்தையும் எண்ணிக்கையையும் ஏற்றினால் போதும். காகத்தையும் மைனாவையும் விட்டுவிடாமல் எண்ணுங்கள்.