புளியங்கொட்டையில் தொடங்கும் மனக்கணக்கு

போன வாரம் இட்லி எடுத்துக்கொண்டிருந்தேன். அடுப்படிக்கு வந்த என் மகள் தட்டுகளை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏழும் ஏழும் பதினாலு. பல்லாங்குழி மாதிரியே இருக்கும்மா!" என்று குதித்தாள். ஆமாம், எங்கள் இட்லித் தட்டில் ஏழு குழி. இரண்டு தட்டு. பல்லாங்குழிக் கட்டையிலும் பக்கத்துக்கு ஏழு குழிதான். இத்தனை வருஷம் இட்லி ஊற்றியும் எனக்கு இது தோன்றியதில்லை. அவளுக்கு வயது ஆறு.

இந்தச் சந்தோஷம் எல்லா வீட்டுக்கும் வர வேண்டும். அதற்காகவே நாங்கள் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். நோட்டு, பென்சில் வேண்டாம். ஒரு கைப்பிடி புளியங்கொட்டை போதும்.

முதல் படி: கைக்குள் எத்தனை?

பத்துக் கொட்டைகளைக் குழந்தையே எண்ணித் தரையில் வைக்கட்டும். நீங்கள் சிலவற்றை அள்ளி, கையை மூடிக்கொள்ளுங்கள். தரையில் ஆறு இருக்கிறது, கைக்குள் எத்தனை? முதலில் விரல் விட்டுத்தான் எண்ணுவார்கள். எண்ணட்டும், தடுக்காதீர்கள். பதில் வந்ததும் கையைத் திறந்து காட்டுங்கள். சரி, தப்பு என்று நீங்கள் சொல்லவே வேண்டாம், கொட்டையே சொல்லிவிடும். அப்புறம் குழந்தை ஒளித்து வைக்கட்டும், நீங்கள் சொல்லுங்கள். என் மகளுக்கு இந்த மாற்று ஆட்டம்தான் பிடித்தது. மூடிய கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் நிற்பாள்.

இங்கே அவசரமே கூடாது. எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. ஒன்பதுக்கு ஒன்று, எட்டுக்கு இரண்டு, ஏழுக்கு மூன்று என்று யோசிக்காமல் வாயில் வரும்வரை இதையே விளையாடுங்கள். பின்னால் வருகிற எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

இரண்டாம் படி: பத்தை நிரப்புவது

ஒரு குவியலில் எட்டு, இன்னொன்றில் ஐந்து. "எட்டு பத்தாக இன்னும் எத்தனை வேண்டும்?" என்று கேளுங்கள். குழந்தை ஐந்திலிருந்து இரண்டை நகர்த்தும். இப்போது பத்தும் மூன்றும். பதின்மூன்று! விடை பெயரிலேயே இருக்கிறது பாருங்கள். பதினொன்று முதல் பத்தொன்பது வரை ஒவ்வொரு பெயருக்குள்ளும் ஒரு பத்து உண்டு. இருபது என்றால் இரண்டு பத்து, முப்பது மூன்று பத்து. கணக்கைத் தமிழில் சொல்லிப் பழக்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். தொண்ணூறு மட்டும் இந்த வரிசையில் வராது. அதைக் கேட்டுக் கேட்டே பழகட்டும்.

மூன்றாம் படி: கடைக்குக் கூட்டிப் போங்கள்

காய் 34 ரூபாய், நீங்கள் கொடுத்தது 50. மீதி எவ்வளவு? கழிக்கச் சொல்லாதீர்கள். கடைக்காரர் சில்லறை எண்ணிக் கொடுப்பதுபோல மேலே ஏறச் சொல்லுங்கள்: 34-இலிருந்து 40-க்கு ஆறு, 40-இலிருந்து 50-க்குப் பத்து. ஆக, பதினாறு. முதல் படியில் பழகிய நாலுக்கு ஆறு இங்கே தானாக வந்து உட்காரும். காசை அவர்கள் கையாலேயே வாங்கிச் சரிபார்க்கட்டும்.

பேருந்தில் போனால் இருக்கைகள் இருக்கின்றன. ஒரு பக்கம் மூன்று பேர், இன்னொரு பக்கம் இரண்டு பேர் உட்காரும் வண்டியில் வரிசைக்கு ஐந்து. ஐந்து ஐந்தாக எண்ணிக்கொண்டே போகலாம்.

ஒன்றே ஒன்று, தயவுசெய்து செய்யாதீர்கள். வீட்டுக்கு யாராவது வந்தால், "மாமாவுக்குக் கணக்குச் சொல்லிக் காட்டு" என்று நிறுத்தி வைக்காதீர்கள். நான் ஒருமுறை செய்தேன். அதற்கப்புறம் பத்து நாள் அவள் புளியங்கொட்டைப் பக்கமே வரவில்லை.

நான்காம் படி: "எப்படிக் கண்டுபிடித்தாய்?"

விடை சரியாக இருந்தாலும் இதைக் கேளுங்கள். தப்பாக இருந்தாலும் இதையே, அதே குரலில் கேளுங்கள். நேற்று பதினைந்திலிருந்து ஒன்பது போனால் எவ்வளவு என்றேன். "ஆறு" என்றாள் உடனே. எப்படி?

"ஒன்பது ரூபாய்க்குப் பத்து ரூபாய் குடுத்தா ஒரு ரூபாய் திருப்பித் தருவாங்கல்ல? நானும் பத்து குடுத்துட்டு ஒண்ணு வாங்கிக்கிட்டேன்மா."

அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.