வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியை வேறு ஊர் மருத்துவமனைக்கு மாற்றுவது எப்படி?

“இதற்கு மேல் பார்க்க இங்கே வசதி இல்லை, மதுரைக்குக் கொண்டு போய்விடுங்கள்” என்று டூட்டி டாக்டர் சொன்னதும், உறவினர்கள் முதலில் செய்வது ஆம்புலன்ஸுக்குப் போன் போடுவதுதான். உண்மையில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலைகளுள் ஒன்று. போய்ச் சேரும் இடத்தில் படுக்கை உறுதியாக வேண்டும். இரண்டு மருத்துவர்களும் நேரடியாகப் பேசிக்கொள்ள வேண்டும். பயணத்தைத் தாங்கும் அளவுக்கு நோயாளியின் நிலையைச் சீராக்க வேண்டும். வண்டி அதற்குப் பிறகுதான்.

வரவேற்பு மேசையில் “பெட் இருக்கிறது, வாங்க” என்று சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வென்டிலேட்டருடன் கூடிய ஐசியூ படுக்கை காலியாக இருக்கிறதா, டயாலிசிஸோ நரம்பியல் அறுவை சிகிச்சையோ தேவைப்பட்டால் இந்த நேரத்தில் அது நடக்குமா என்பதை, அங்குள்ள ஐசியூ மருத்துவரிடம் இங்குள்ள மருத்துவரையே பேசச் சொல்லிக் கேட்டு, பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளுக்கு இடையே மாற்றுவதாக இருந்தால் 108 சேவையையே அழைக்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. பிறந்த குழந்தைகளுக்கு இன்குபேட்டர் பொருத்திய தனி வண்டிகளும் அந்தச் சேவையில் உண்டு.

தனியார் வண்டியை அமர்த்தும்போது பக்கவாட்டில் எழுதியிருக்கும் ‘ஐசியூ ஆம்புலன்ஸ்’ என்ற எழுத்தை நம்ப வேண்டாம். இந்தியாவில் ஆம்புலன்ஸ் கட்டமைப்புக்கான ஏ.ஐ.எஸ். 125 தரநிலை, வண்டிகளை நான்கு வகையாகப் பிரிக்கிறது. அவற்றில் சி வகை அடிப்படை உயிர்காப்புக்கும், டி வகை உயர்நிலை உயிர்காப்புக்கும் உரியவை. வென்டிலேட்டரில் இருப்பவருக்கும், ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து ஓடிக்கொண்டிருப்பவருக்கும் டி வகைதான் வேண்டும். சிறிய வேனில் நோயாளியின் தலைமாட்டில் ஒருவர் உட்கார்ந்து, வாய் வழியே போட்டிருக்கும் மூச்சுக்குழாயைப் பார்க்க இடமே இருக்காது என்பதால், டிராவலர் அளவுள்ள வண்டியாகக் கேட்பது நல்லது.

வண்டியைவிட முக்கியமானது அதில் வரப்போகிறவர். “டாக்டர் வருவார்” என்று சொன்னால், அவர் ஐசியூவிலோ அவசர சிகிச்சைப் பிரிவிலோ வேலை பார்ப்பவரா, வழியில் அந்த மூச்சுக்குழாய் கழன்றால் தாமே மறுபடி போட்டுப் பழகியவரா என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பதற்குச் சங்கடமாக இருந்தால், இங்குள்ள ஐசியூ மருத்துவரிடம் போனைக் கொடுத்துவிடுங்கள். இரண்டு நிமிடப் பேச்சில் அவருக்குத் தெரிந்துவிடும். எல்லா வசதியும் உள்ள வண்டியில் அனுபவமில்லாதவர் வருவதைவிட, சாதாரண வண்டியில் கைதேர்ந்த மயக்கவியல் மருத்துவர் வருவது மேல் என்பது என் கருத்து.

அடுத்தது ஆக்சிஜன். இதை மட்டும் யார் வாய்வார்த்தையையும் நம்பாமல் நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் தூக்கிவிடக்கூடிய பி வகைச் சிலிண்டர் நிரம்பியிருந்தால் அதில் ஏறத்தாழ 1,500 லிட்டர் இருக்கும். பெரிய டி வகைச் சிலிண்டரில் ஏறத்தாழ 7,000 லிட்டர். திருநெல்வேலியிலிருந்து மதுரைக்கு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் முகமூடியில் ஆக்சிஜன் எடுக்கும் நோயாளிக்கு 2,700 லிட்டர் செலவாகும். வழியில் டயர் வெடிக்கலாம், ரயில்வே கேட் மூடியிருக்கலாம், நோயாளிக்குத் தேவை கூடலாம் என்பதால் கணக்கில் வருவதைப்போல் இரு மடங்கு வைத்துக்கொள்வதே வழக்கம். அதாவது 5,400 லிட்டர். இரண்டு பி சிலிண்டர்களோடு வரும் வண்டி இந்தப் பயணத்துக்குப் போதாது. நிரம்பிய ஒரு டி சிலிண்டரும், மாற்றாக ஒரு பி சிலிண்டரும் இருந்தால் போதும். வென்டிலேட்டரில் இருப்பவருக்குச் செலவு கருவியைப் பொறுத்தது: வாயு அழுத்தத்தில் ஓடும் வகை தன் இயக்கத்துக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், டர்பைன் வகை மின்சாரத்தில் ஓடும். மூக்கு வழியே நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை செலுத்தும் ஹை ஃப்ளோ கருவியில் நோயாளி இருந்தால் பெரிய சிலிண்டர்கூட இரண்டு மணி நேரம் தாங்காது; அப்படிப்பட்டவரை எந்த முறையில் கொண்டுபோவது என்பதைப் புறப்படும் முன்பே மருத்துவர்கள் முடிவு செய்தாக வேண்டும்.

சிலிண்டர் எத்தனை என்று எண்ணுவதோடு நிற்காமல், வால்வைத் திறக்கச் சொல்லி அழுத்தம் காட்டும் முள்ளைப் பாருங்கள். நிரம்பிய சிலிண்டரில் 150 கிலோ அளவில் நிற்கும் முள் 75-இல் நின்றால், உள்ளே இருப்பது பாதிதான். சிலிண்டரைத் திறக்கும் சாவி வண்டிக்குள் கட்டித் தொங்குகிறதா என்பதையும் கவனியுங்கள். ஓட்டுநரின் சட்டைப் பையில் இருக்கும் சாவி அவர் டீ குடிக்கப் போகும்போது அவரோடு போய்விடும்.

வண்டி வாசலுக்கு வந்ததும் நோயாளியைத் தூக்கி ஏற்றிவிடக் கூடாது. வண்டியின் வென்டிலேட்டரை ஐசியூ படுக்கையிலேயே பொருத்தி, பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, ஆக்சிஜன் அளவும் ரத்த அழுத்தமும் நிலையாக நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அங்கே தாங்காதவர் நெடுஞ்சாலையில் தாங்கமாட்டார். மூச்சுக்குழாய் உதட்டருகே எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது என்று எழுதி, பிளாஸ்திரியைப் புதிதாக ஒட்டி, சளியை உறிஞ்சி எடுத்த பிறகே நகர்த்த வேண்டும். நெஞ்சில் குழாய் போட்டிருந்தால் அதைக் கிளிப் போட்டு அடைக்காமல், பாட்டில் எப்போதும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழே இருக்குமாறு கொண்டுபோக வேண்டும். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நார் அட்ரினலின் போன்ற மருந்து ஓடினால், இப்போதைய சிரிஞ்ச் தீரும் முன் மாட்டுவதற்கு அடுத்த சிரிஞ்ச் கலந்து, பெயர் எழுதித் தயாராக இருக்க வேண்டும். சிரிஞ்ச் பம்பின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பது நல்ல சோதனை. பேட்டரி செத்துப்போன பம்ப் உடனே கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பை நோயாளியின் தலைமாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எல்லாக் கருவிகளும் நின்றாலும் அந்த ஒரு பையால் மூச்சுக் கொடுத்துக்கொண்டே போக முடியும்.

இவ்வளவு நிதானம் எல்லோருக்கும் பொருந்துமா என்றால், இல்லை. மூளையில் ரத்தக் கட்டி அடைத்த பக்கவாதம், மாரடைப்பு, உள்ளே நிற்காமல் ஓடும் ரத்தப்போக்கு ஆகியவற்றில் சிகிச்சையே போகிற இடத்தில்தான் இருக்கிறது. பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான காலவரம்பு நான்கரை மணி நேரம். இவர்களுக்கு மூச்சையும் ரத்த ஓட்டத்தையும் காப்பதற்கு அவசியமானதை மட்டும் செய்துவிட்டு உடனே கிளம்ப வேண்டும்; மற்ற சோதனைகளுக்காகக் காத்திருக்கக் கூடாது. மற்றவர்களுக்கு ஓட்டுநரை “வேகமாகப் போங்கள்” என்று அவசரப்படுத்துவது தீமையே. திடீர் பிரேக்கில் குழாய் நகரும், ரத்த அழுத்தம் ஏறி இறங்கும், உள்ளே நிற்பவர் விழுவார். சைரன் வழி கேட்பதற்கு மட்டுமே. வழிவிடாதவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194இ பிரிவு 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது என்றாலும், அதை நம்பிச் சிவப்பு விளக்கில் பாய்வது எந்த ஓட்டுநருக்கும் அழகல்ல.

ஊட்டியிலிருந்து கோவைக்கு இறங்குவதுபோன்ற மலைப்பாதையில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். கீழே இறங்க இறங்கக் காற்றழுத்தம் கூடுவதால், மூச்சுக்குழாயை நிலைநிறுத்தும் சிறு பலூனில் உள்ள காற்று சுருங்கி, ஓரமாகக் கசிவு ஏற்படலாம். மேட்டுப்பாளையம் வந்ததும் வண்டியை ஓரங்கட்டி அந்த அழுத்தத்தை ஒருமுறை அளந்து சரிசெய்யச் சொல்லுங்கள்.

உறவினர் ஒருவர் மட்டும் ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்தால் போதும். அவர் கையில் ரெஃபரல் கடிதம், இன்றைய மருந்துப் பட்டியல், கடைசி ரத்தப் பரிசோதனை முடிவுகள், ஸ்கேன் படம் பதிந்த சிடி, ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆகியவை ஒரே கவரில் இருக்கட்டும். வாடகையைக் கிலோமீட்டர் கணக்கிலா மொத்தமாகவா, மருத்துவருக்குத் தனியா, திரும்பி வரும் தூரமும் சேர்த்தியா என்று ஏறும் முன்பே பேசி, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸுக்குத் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கக் கட்டணம் கிடையாது. ஆகவே ரசீதில் அந்தக் கட்டணம் வந்தால் கேளுங்கள்.

போய்ச் சேர அரை மணி நேரம் இருக்கும்போது அங்குள்ள ஐசியூவுக்கு மறுபடி அழைத்து, எந்த வாசலில் இறக்குவது, லிஃப்ட் எது என்று கேட்டுவிடுங்கள். நோயாளி அங்குள்ள வென்டிலேட்டருக்கு மாறி, வண்டியில் வந்தவர் வழியில் நடந்ததை அங்குள்ள மருத்துவரிடம் வாய்மொழியாகவும் எழுத்திலும் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டவர் கையெழுத்துப் போடும் வரை ஆம்புலன்ஸை அனுப்பக் கூடாது. பாதை நெடுகக் குறித்த நாடித்துடிப்பு, ரத்த அழுத்தத் தாளின் நகலையும் அப்போதே கேட்டு வாங்குங்கள். வண்டி ஊர் திரும்பிவிட்டால் அது கைக்கு வராது.